ரெண்டாள் வேலை

என் வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள் சண்டை போட்டால் கீழே எனக்குக் கேட்கும். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். கட்டின மேஸ்திரி அந்த லட்சணத்தில் கட்டியிருக்கிறான். மேலே நாற்காலியை இழுத்தால் கீழே இடி இடிக்கும். ஆனால் அவர்கள் சண்டை போடுகிற ஜாதி இல்லை. குடிவந்த நாளிலிருந்து அந்த வீட்டில் குரல் உயர்ந்தது, மகள் கணக்குப் பாடம் போடும்போது மட்டும்தான். அதனால்தான் அன்று சாயங்காலம் மழை விட்ட நேரத்தில், "நீ கையெழுத்துப் போடலைன்னா நான் போடுறேன், குடு இங்க!" என்று ஆண்குரல் கேட்டதும், அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு மாடி ஏறினேன்.

நான் பெண்கள் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் என் பெயர் ஜெயிலம்மா. சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வாய் கொஞ்சம் அதிகம். வேலையை விட்டபோது சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள், வாயை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

மாடி வீட்டுத் தம்பி மோட்டார் சுற்றுகிறவன். தெருமுனையில் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை வெட்டி எடுத்து, புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பான். சட்டையெல்லாம் வார்னிஷ் வாடை. அவன் பெண்டாட்டி, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கிறவள். ஆறு, வாய்க்கால், ஆலைக் குழாய் என்று எங்கெல்லாம் தண்ணீர் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் புட்டியில் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

அவள் வேலை செய்வதை ஒரு தடவை பாலத்தின் மேல் பஸ் நின்றபோது பார்த்திருக்கிறேன். ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, ரப்பர் பூட்ஸ் போட்டு, இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையை ஆபீஸ் டிரைவர் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். அவள் புட்டியை அந்தத் தண்ணீரிலேயே அலசிக் கொட்டி, திரும்பவும் அலசிக் கொட்டி, அப்புறம்தான் நிரப்பினாள். கழுவி எடுத்துப் போன புட்டிதானே, அதை எதற்கு அத்தனை தடவை அலச வேண்டும் என்று பிறகு கேட்டேன்.

"வீட்ல கழுவின தண்ணி உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும்ல அக்கா? அதையும் சேத்துக் குடுத்தா ஆத்துப் பேர்ல நாம பொய் சொன்ன மாதிரி."

தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க எடுக்கிற பழுப்புப் புட்டியை மட்டும் அலசக் கூடாதாம். சில புட்டியில் தண்ணீர் கெடாமலிருக்க ஆசிட் சொட்டு விட வேண்டும். மூடி, துணி கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, எடுத்தவர் ஒருவர், கூட நின்றவர் ஒருவர் என்று சீட்டில் இரண்டு கையெழுத்து வாங்கி, ஐஸ் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். "இது ரெண்டாள் வேலை அக்கா. ஒருத்தர் எடுத்தா அது வெறும் தண்ணி. ரெண்டு பேர் எடுத்தாத்தான் மாதிரி" என்பாள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாடிக்குப் போனால், தம்பி ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள் சுவரோரமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு ஊருக்கே சமைக்கிற அளவுக்கு உரித்துக் குவித்திருந்தாள்.

"என்னப்பா சத்தம்?" என்றேன்.

"நீங்களே கேளுங்கக்கா நியாயத்த. இவ ஆபீஸ் பெரிய சார் ஆள் விட்டு அனுப்பியிருக்காரு. தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு கையெழுத்து. அவ்ளோதான். சம்பளத்துல கொஞ்சம் வெட்டுவாங்க, வேலை நிக்கும். இவ மாட்டேங்குறா."

"என்ன பண்ணினதா எழுதியிருக்கு?"

"ஆத்துத் தண்ணியில நானே சாயத்தக் கலந்தேனாம்" என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆலைக்காரங்களைப் பழி வாங்க."

விஷயம் எனக்குப் பாதி தெரியும். மீதியை அன்றுதான் உட்காரவைத்துக் கேட்டேன். ஆற்றங்கரையில் ஒரு சாய ஆலை இருக்கிறது. ஆபீஸ் ஜீப் எப்போது போனாலும் அதன் குழாய் காய்ந்து கிடக்கும். ஜீப் திரும்பினதும் ஆறு ஊதா நிறமாக ஓடும். ஜீப் கிளம்புவதற்கு முன்னாலேயே ஆலைக்குப் போன் போய்விடுகிறது. போன் பண்ணுவது பெரிய சார்தான் என்பது ஆபீசில் நாற்காலி மேசைக்குக்கூடத் தெரியும். அவர்தான் அந்த ஆபீசின் தலைவர். அவரிடம் சொல்லாமல் யாரும் களத்துக்குப் போக முடியாது. தெரிந்து என்ன பிரயோசனம்? பூனைக்கு யார் மணி கட்டுவது?

ஒரு நாள் ஜீப் வழியில் பஞ்சர் ஆகி, பல்லு விளக்காத நேரத்தில் கிளம்பினவர்கள் வெயில் ஏறின பிறகு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து ஆலைக்காரன் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறான். இவளும் டிரைவரும் முறைப்படி மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, பெரிய சார் அறையில் ஒப்படைத்தார்கள். சோதனை முடிவு வந்தது. தண்ணீர் சுத்தம், குடிக்கவே லாயக்கு.

"நான் ஊதாத் தண்ணிய மொண்டு குடுத்தேன் அக்கா. அது எப்படி வெள்ளையாச்சு? அவர் ரூம்ல புட்டிய மாத்திட்டாங்க. போய்க் கேட்டேன். உன் வேலையப் பாரும்மான்னார். சரி, என் வேலையத்தான் பாப்போம்னு, லீவு நாள்ல நானே போயி ஒரு புட்டி எடுத்து, ஐஸ் பெட்டிய மடியில வெச்சுக்கிட்டு பஸ் ஏறி, தலைமை ஆபீஸ்ல குடுத்து, நடந்ததெல்லாம் வாயால சொல்லிட்டு வந்தேன்."

"தனியாவா போன?"

அவள் தலையை ஆட்டினாள். "அதான் அக்கா நான் பண்ணின தப்பு. கூட வாங்கன்னு கூப்பிட்டா யார் வருவா? அவசரப்பட்டுட்டேன். ஒத்தை ஆளா எடுத்தது செல்லாது. நீயே சாயப் பொடி வாங்கிக் கலக்கலைன்னு என்ன நிச்சயம்னு கேக்கிறாங்க. பதில் இல்லை என்கிட்ட."

அதற்குப் பரிசுதான் வேலையிலிருந்து இடைநீக்கம். வியாழக்கிழமை விசாரணை. தோற்றால் வேலை போகும். சாயம் கலந்தவள் என்று பெயரும் நிற்கும். இந்த வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக வருகிற காசு அவள் சம்பளம்தான். ஆலையிலிருந்து மோட்டார் வேலை கொஞ்சம் தம்பிக்கு வந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றுபோயிற்று.

"நல்லதுக்குத்தான் பண்ணினா, நான் இல்லைங்கல" என்றான் தம்பி. "ஆனா ஊர்ல யாராவது ஒருத்தன் வந்து என்னன்னு கேட்டானாக்கா? அந்தத் தண்ணியக் குடிக்கிறவன் கேட்டானா? இவ ஆபீஸ்காரங்க கேட்டாங்களா? எதுக்க வந்தா ரோட்டத் தாண்டிப் போறாங்க. இவளுக்கு மட்டும் என்ன தலையெழுத்து?"

"நனைஞ்சாச்சு, இனிமே முக்காடு எதுக்கு?" என்றாள் அவள்.

"உனக்குப் பழமொழி ஒரு கேடு."

"இந்தாப்பா" என்றேன் நான். "ஜெயில்ல நான் பாத்திருக்கேன். பண்ணாத தப்புக்குக் கையெழுத்துப் போட்டவங்க சீக்கிரம் வெளிய போயிருவாங்க, வாஸ்தவம். ஆனா அப்புறம் யார் எது கேட்டாலும் அவங்களுக்குத் தலை தன்னால குனியும். உன் பொண்டாட்டி அப்படிக் குனிஞ்சு நிக்கிறதப் பாக்க உனக்குப் பிரியமா?"

அவன் காகிதத்தை மடித்தான், விரித்தான், திரும்பவும் மடித்தான். பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு, "பயமா இருக்குக்கா" என்றான். அவ்வளவுதான் விஷயம். பயந்த ஆம்பளை பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

விசாரணைக்குப் போகிறவர் துணைக்கு ஒரு அரசு ஊழியரை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. என் வேலையில் எனக்கு அது அத்துப்படி. ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், அது போதும், இவள் தனியாள் இல்லை என்று ஆகிவிடும். மறுநாள் மழைத் தூறலில் அவளும் நானும் ஒரே குடையில் கிளம்பினோம். குடை என்னுடையது என்பதால் அவள்தான் நனைந்தாள்.

முதலில் டிரைவர் வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி. "அவர் ஊர்ல இல்லையே" என்றாள். உள்ளே யாரோ இருமினார்கள். "யாரு இருமுறது?" என்றேன். "டிவி" என்றாள். டிவிக்குச் சளி பிடித்திருந்தால் கஷாயம் வைத்துக் கொடு என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மாடிப் பெண் என் கையைக் கிள்ளினாள்.

அடுத்தது ஆசிட் அண்ணன். ஆபீசில் புட்டிகளுக்கு ஆசிட் சொட்டு விட்டு விட்டு விரல் நுனியெல்லாம் மஞ்சளாகிப்போனவர். அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார், டீ கொடுத்தார், ரொட்டி கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினார், முட்டுவலியைப் பற்றிப் பேசினார். விஷயத்துக்கு வந்ததும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பேச வேணாம். சும்மா வந்து பக்கத்துல உக்காந்தா போதும்" என்றாள் அவள்.

"எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கும்மா கட்டிக் குடுக்க. தூக்கி எங்கயாவது அடிச்சாங்கன்னா நான் எங்க போவேன்? நீ பண்ணினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். சரின்னு சொல்லவும் எனக்குத் தைரியம் இல்ல. இந்தா, இன்னும் ஒரு துண்டு எடுத்துக்க, டீயில தொட்டுச் சாப்பிடு."

அவள் அந்த ரொட்டியையும் வாங்கித் தின்றாள். தெருவுக்கு வந்ததும், "ரொட்டி மட்டும் தின்னத் தெரியுதே, நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேக்கத் தெரியலையே உனக்கு?" என்றேன்.

"அவர் பயம் எனக்குத் தெரியும் அக்கா. நானும் இத்தன வருஷம் வாயத் திறக்காமதானே இருந்தேன்? ரொட்டி வேணாம்னு சொன்னா அவர் ராத்திரி தூங்க மாட்டார்."

இப்படிப்பட்ட பெண்ணை என்ன செய்வது? மற்றவர்கள் வீட்டிலும் இதே கதைதான். ஒருவருக்கு முதுகு பிடிப்பு. ஒருவருக்கு மாமியார் சீரியஸ். திரும்பி வரும்போது மழை மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் குடையை உதறும்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன், நான் யாராம்? ஓய்வு பெற்றவர்களும் துணைக்கு உட்காரலாம் என்றுதானே விதி சொல்கிறது? நானும் அரசாங்கச் சோறு தின்றவள்தானே?

"நான் வரேன் உன்கூட" என்றேன்.

"வந்தா பேசக் கூடாது அக்கா. கூட வர்றவங்க குறுக்க பேசினா எழுப்பி வெளிய அனுப்பிருவாங்க."

"வாயில பூட்டுப் போட்டுக்கிறேன். எனக்கா பூட்டுத் தெரியாது?"

வியாழக்கிழமை மழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடித்தது. தம்பி கடையைத் திறக்கவில்லை. காலையிலேயே எழுந்து, அவன் கையாலேயே சோறு வடித்து, முட்டை பொரித்து, எங்கள் இரண்டு பேருக்கும் டப்பாவில் கட்டிக் கொடுத்தான். மன்னிப்புக் காகிதத்தை அவளிடம் நீட்டி, "வெச்சுக்க. போடுறதும் போடாததும் உன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல" என்றான். அவள் அதை வாங்கி, முட்டை டப்பாவிலிருந்து எண்ணெய் கசியாமலிருக்க அடியில் வைத்து மடித்தாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகள் பள்ளிக்குப் போகும்போது, "பெரியம்மா, அம்மாவ யாராவது திட்டினா நீங்க திட்டுங்க" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்.

ஆபீஸ் வெறிச்சோடிக் கிடந்தது. வாசலில் ஜீப்புகளைக் காணோம். மேசைகளில் ஆள் இல்லை. காவலாளியிடம் கேட்டேன்.

"காலையிலயே பெரிய சார் எல்லாரையும் களத்துக்கு விரட்டிட்டாரும்மா. எங்க வேணா போங்க, எதையாவது எடுங்க, சாயங்காலம் வரைக்கும் இங்க தலை காட்டக் கூடாதுன்னு சத்தம்."

எனக்குப் புரிந்துவிட்டது. யாருக்காவது கடைசி நேரத்தில் மனசாட்சி முழித்துக்கொண்டு இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால்? அதற்குத்தான் இந்த ஏற்பாடு. சிறையிலும் அப்படித்தான், கலாட்டா வரும் என்று தெரிந்தால் ஆட்களைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் வேலைக்கு அனுப்பிவிடுவோம். கெட்டிக்காரன்தான், பாவி.

விசாரணை அதிகாரி வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா. கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துத் துடைத்து நுனி சிவந்துபோயிருந்தது. உள்ளே நுழைந்ததும், "எல்லாரும் போனை அணைச்சு மேசை மேல வைங்க" என்றார். நான் என்னுடையதை வைத்தேன். பெரிய சார் அவருடையதை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல வாசனை. உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார்.

"துணைக்கு வந்திருக்கேன். ஜெயில்ல இருந்தேன்" என்றேன்.

விசாரணை அதிகாரி மூக்குத் துடைப்பதை நிறுத்தினார். "வேலை பார்த்தேன்" என்று சேர்த்துக்கொண்டேன். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

கேள்விகள் நடந்தன. புட்டி எங்கே வாங்கினாய், எந்தக் கரையில் இறங்கினாய், கூட யார் இருந்தார்கள்? யாரும் இல்லை. முத்திரை யார் வைத்தது? நான்தான். சாட்சிக் கையெழுத்து? இல்லை. முன்னால் எடுத்த மாதிரிக்குச் சாட்சி இருந்தாரே, டிரைவர், அவர் என்ன சொல்கிறார்? டிரைவருக்கு நிறம் ஞாபகம் இல்லை என்று பெரிய சார் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் மாடிப் பெண் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டே போனாள். உள்ளதைச் சொல்லச் சொல்ல அவள்தான் மாட்டிக்கொண்டே போனாள். பெரிய சார் தலையைச் சாய்த்து, "நல்ல பொண்ணுதான் மேடம். யாரோ தூண்டிவிட்டிருக்காங்க. மன்னிப்புக் கேட்டா நானே பெருந்தன்மையா விட்டுருவேன்" என்றார். மேசைக்குக் கீழே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது வெளியே ஜீப் சத்தம். ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. தாழ்வாரத்தில் ரப்பர் பூட்ஸ் தண்ணீரோடு சப்புச் சப்பென்று நடந்து வந்தது. கதவைத் தட்டினார்கள்.

முதலில் நுழைந்தவர் ஆசிட் அண்ணன். கால்சட்டை முழங்கால் வரை நனைந்து, இடுப்பில் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் நின்றார். பின்னால் டிரைவர், இருமிக்கொண்டே. அவர்களுக்குப் பின்னால் முதுகு பிடிப்புக்காரர், மாமியார் சீரியஸ்காரர். இரண்டு பேருக்கு ஒரு ஐஸ் பெட்டி என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"என்ன இது?" பெரிய சார் எழுந்தே விட்டார். "சாயங்காலம் வரைக்கும் வரக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

ஆசிட் அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னார். "மாதிரி எடுத்தா கையோட அதிகாரிகிட்ட ஒப்படைக்கணும் சார். ஐஸ் கரையுது. நீங்க இங்க இருக்கீங்க, அதான் இங்கயே கொண்டாந்தோம்."

பெட்டியைத் திறந்து புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அரக்கு இன்னும் பளபளவென்று ஈரமாக இருந்தது. பழுப்புப் புட்டி போக மற்ற அத்தனையிலும் கரு ஊதா நிறத் தண்ணீர். ஒன்றின் வெளிப்புறத்தில் வழிந்திருந்த தண்ணீரின் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. விசாரணை அதிகாரியின் அடைத்த மூக்கையே அது திறந்துவிட்டது. அவர் கைக்குட்டையை வைத்து மூடிக்கொண்டார்.

"எங்க எடுத்தது?"

"அந்த சாய ஆலைக் குழாய் வாயில மேடம். நாங்க குழாய்கிட்ட. இவங்க பாலத்துக்குக் கீழ. ரெண்டு ரெண்டு பேரா போனோம். சீட்டுல ரெண்டு கையெழுத்தும் இருக்கு."

"யார் அங்க போகச் சொன்னது?"

ஆசிட் அண்ணன் இப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "சார்தான் மேடம். எங்க வேணா போங்க, எதையாவது எடுங்கன்னு சொன்னாரு. எல்லாரும் இருந்தோம்."

பெரிய சார் என்ன சொல்வார்? நான் மாதிரி எடுக்க அனுப்பவில்லை, இந்த அறைக்கு வரவிடாமல் தடுக்க அனுப்பினேன் என்றா? ஆணை போட்டவர் அவர். சட்டப்படி, முறைப்படி, அவர் உத்தரவில் எடுத்த மாதிரி. அவருடைய கையெழுத்துக்காக வரிசையில் நிற்கிறது.

"பகல் நேரத்துல குழாய் திறந்திருந்ததா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

டிரைவர் இருமினார். "எப்பப் போனாலும் காஞ்சு கிடக்கும் மேடம். நாங்க வர்றது அவங்களுக்கு முன்னாடியே எப்படியோ தெரிஞ்சிரும். இன்னிக்கு யாரும் சொல்லலை போல." கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு இந்தப் பொண்ணுகூட நான்தான் கயிறு பிடிச்சேன். அன்னிக்கும் இதே கலர்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

விசாரணை அதிகாரி மேசைமேல் கவிழ்ந்து கிடந்த போன்களைப் பார்த்தார். "சார், உங்க போனை ஆன் பண்ணுங்க" என்றார் மெதுவாக.

அவர் அழுத்தினார். போன் விழித்துக்கொண்டது. விட்டுப்போன அழைப்புகள் டிங் டிங் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. நிற்கிற வழியாக இல்லை. முடிவதற்குள் மணியே அடிக்க ஆரம்பித்தது.

"யாரு?"

"வீட்ல இருந்து" என்றார் பெரிய சார். நெற்றியெல்லாம் வியர்வை.

நானும் மனுஷிதானே? எத்தனை நேரம்தான் பூட்டு தாங்கும்? "எடுத்துப் பேசுங்க சார், பாவம். வீட்ல என்ன ஆத்திர அவசரமோ!" என்றேன்.

ஆசிட் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. விசாரணை அதிகாரி என்னை முறைத்தார். ஆனால் வெளியே போகச் சொல்லவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பெரிய சார் எடுக்கவே இல்லை.

மாடிப் பெண் அதுவரை புட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, எண்ணெய்ப் புட்டிய அலசலையே?" என்றாள்.

"அலசலம்மா. நீ சொல்லிக் குடுத்தபடிதான் எல்லாம்" என்றார் ஆசிட் அண்ணன்.

அதுதான் சாக்கு. அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நாளாக அத்தனை பேச்சுக்கும் அழாதவள், அடக்கிவைத்த மொத்தத்தையும் அழுதாள். எனக்கும் வந்துவிட்டது. தூக்குத் தண்டனைக்காரிக்குக் காவல் நின்றபோதுகூடக் கல் மாதிரி நின்றவள் நான். இவர்கள் யாரும் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, தைரியசாலிகளும் இல்லை. தெரிந்த வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு வந்து நிற்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

விசாரணை அதிகாரி எங்களை அழவிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "இவங்க ஒருத்தங்க சாயம் கலந்தாங்கன்னு குற்றச்சாட்டு. இப்ப இந்த ஆபீசே சேர்ந்து கலந்ததுன்னு எழுதட்டுமா? இந்தக் குற்றச்சாட்டு நிக்காது. அதைத்தான் எழுதப் போறேன். இடைநீக்கத்த எடுக்கச் சொல்லி நானே இன்னிக்கு மேல பேசுறேன். மாதிரிகளைச் சாரோட ரூமுக்குள்ள யாரும் கொண்டு போக வேணாம். நேரா தலைமை ஆபீஸ் லேப்புக்குப் போகட்டும். குற்றம் சாட்டப்பட்டவங்க கண்ணு முன்னாலதான் முத்திரையப் பிரிக்கணும். அதனால நீங்களும் கூடப் போங்கம்மா. இந்தத் தடவ மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல போக வேணாம். ஜீப் இருக்கு, நாலு பேர் இருக்காங்க."

பெட்டிகளை மூடினார்கள். டிரைவர் ஓடிப்போய் புது ஐஸ் வாங்கி வந்து கொட்டினார். முதுகு பிடிப்புக்காரர் கைக்கு ஒன்றாக இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு நடந்தார். "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "இப்பப் பரவால்லம்மா" என்று அசடு வழிந்தார். தாழ்வாரத்தில் ஆசிட் அண்ணன் என்னிடம் மட்டும் குனிந்து சொன்னார். "அன்னிக்கு அந்தப் புள்ள ரொட்டியத் தின்னுட்டுப் போச்சு பாருங்க. அதுக்கப்புறம் என்னால முழுங்க முடியலம்மா எதையும்." எனக்கே சொல்ல வார்த்தை கிடைக்காத சந்தர்ப்பம் அது.

மாடிப் பெண் ஜீப்பின் முன்சீட்டில் ஏறினாள். கண் வீங்கி, மூக்கு சிவந்து, ஆனால் முகம் மழை பெய்து வெளுத்த வானம் மாதிரி இருந்தது. முட்டை டப்பாவை எடுத்துப் பின்னால் நீட்டி, "அண்ணே, யாரும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, பிரிச்சுக்கங்க" என்றாள். ஜீப் கிளம்பி வாசலைத் தாண்டியது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் புருஷன் வந்து சேர்ந்தான். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான். அரசாங்க ஜீப்பில், சுற்றிலும் நாலு ஆம்பளைகள் உட்கார்ந்திருக்க, அழுது வீங்கின முகத்தோடு தன் பெண்டாட்டி போவதைப் பார்த்தான். சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது, அவன் ஒரு பக்கம் நின்றான்.

"அக்கா! ஏத்திட்டுப் போறாங்களே அக்கா! உங்க ஜெயிலுக்கா?" என்று அலறினான். காவலாளி திரும்பிப் பார்த்தான். தெருவே திரும்பிப் பார்த்தது.

நான் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் எனக்கு வார்த்தை வரவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ஒருவழியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"வேலைக்குப் போறாடா! உன் பொண்டாட்டி வேலைக்குப் போறா!"

அவன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.